ஒண்ணாவது அடி

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
17-2-74

அன்பு மகள் ஃப்ளோரன்ஸுக்கு நைனா ஆசீர்வதித்து எழுதுவது. லண்டன் குளிரில் ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதப்போனேன், பேனா நின்றுவிட்டது, அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் அம்மா பூசைக்குப் போயிருக்கிறாள். அவள் இருந்தால் இதை எழுத விடமாட்டாள், தனியாகக் கிடக்கிற பெண்ணின் மனசை ஏன் உடைக்கிறாய் என்பாள். நீ நர்ஸ், உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

உன் தம்பி வால்டருக்கு டி.பி. ஊசி போட்டதும், இருமலில் ரத்தம் வருவது நின்றதும், எடை கூடியதும் நான் எழுதியபடி நிஜம்தான். எழுதாதது ஒன்று உண்டு. நவம்பரில் வால்டர் காதுக்குள் விசில் ஊதுகிறது என்றான். அப்போது நீ முதலில் அனுப்பிய ஃபங்க் என்கிற அந்த அமெரிக்க ஆட்டப் பாட்டு ரெக்கார்டை விடிந்தது முதல் போட்டு, அடிக்குரல் வாசிக்கிற பாஸ் கிதாரை மடியில் வைத்துக் கூடவே டொம் டொம் என்று வாசித்துக்கொண்டிருப்பான். எனக்கு ஏற்கெனவே எரிச்சல். ஒருத்தன் கத்துகிறான், நாலு பேர் தகரத்தைத் தட்டுகிறார்கள், இதெல்லாம் ஒரு பாட்டா. இந்தக் கலீஜ் சத்தத்தைக் கேட்டால் காதில் விசில் ஊதாமல் கோயில் மணியா அடிக்கும் என்று திட்டி, ரெக்கார்ட் பிளேயரைத் தூக்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்று வாரம் பூட்டியே கிடந்தது. டாக்டரிடமும் சொல்லவில்லை, பாட்டுப் பைத்தியத்துக்கு எதற்கு டாக்டர் என்று இருந்துவிட்டேன். அவன் குடித்தவன் மாதிரி சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் கூட்டிப்போனேன். கோளாறு பாட்டில் இல்லையாம், ஊசியில்தானாம். சில பேருக்கு அந்த மருந்து காது நரம்பைத் தின்றுவிடுமாம், தள்ளாட்டமும் அதனால்தானாம். விசில் கேட்டபோதே வந்திருந்தால் அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்றார் டாக்டர். ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார். போனது வராது, மிச்சமும் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். அவன் காதுக்கு மிச்சமிருந்த நாளில் மூன்று வாரத்தை நான் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன் ஃப்ளோரன்ஸ். பாவி நான், வேறு என்ன சொல்ல.

புது ரெக்கார்டை நம் தெரு தவசிமுத்து வேலை செய்கிற கப்பலில் கொடுத்தனுப்பியதாக நீ எழுதியது அந்த வாரம்தான் வந்தது. துறைமுகத்தில் வின்ச் ஓட்டிச் சரக்குத் தூக்குகிற எனக்குக் கப்பல் கணக்கு தெரியாதா. சூயஸ் அடைத்துக் கிடக்கிறது, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, போகிற இடமெல்லாம் சரக்கு இறக்கி, இங்கே வர பிப்ரவரி ஆகிவிடும். வால்டரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு என்னிடம், "அது வர்ற அன்னிக்கு எனக்குக் காது இருக்காது நைனா. நீ கேட்டு எனக்குச் சொல்லணும். இப்பவே கத்துக்கோ" என்றான்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து பிளேயரை எடுத்து வைத்து, ஐம்பத்தாறு வயதில் உட்கார்ந்தேன். பழைய ரெக்கார்டை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போடச் சொன்னான். பாட்டைத் தேடாதே, ராகத்தைத் தேடாதே, தாளம் நாலு அடி, அதில் ஒண்ணாவது அடியைப் பிடி, மற்ற மூன்றும் தானாக வரும் என்றான். ஒரு நாள் டிரம் மட்டும் கேள் என்பான், மறுநாள் கிதார் மட்டும். ஒவ்வொருத்தனும் கொஞ்சம்தான் வாசிக்கிறான், மற்றவனுக்கு இடம் விட்டு வாயை மூடிக்கொள்கிறான், அந்த இடத்தையும் கேட்கணுமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் தொல்லை தாங்காமல் சுவரை இடித்தாள், அவள் இடிப்பதுகூடத் தாளத்தில் இல்லை என்று அவன் சிரித்தான். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் என் கால் தானாக ஆடியது. நான் ஆட்டவில்லை, சத்தியமாக. அவன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அதுதான் நைனா, அதுதான் என்றான். கப்பலில் வின்ச் சத்தத்துக்கு நடுவே பேச்சு எடுபடாது, கை சைகைதான், தூக்கு, இறக்கு, நிறுத்து. அந்தச் சைகையிலேயே பாட்டைச் சொல்லிவிடலாம் என்று இருவரும் பேசிவைத்தோம். ஜனவரி முடிவதற்குள் அவன் காது முழுதும் போய்விட்டது. இப்போது கிட்டே போய்க் கத்தினாலும் என் வாயைத்தான் பார்க்கிறான்.

போன திங்கட்கிழமை கப்பல் வந்தது. ரெக்கார்டை வாங்கிவந்து போட்டேன். அவன் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்தான். ஒண்ணாவது அடி கிடைத்துவிட்டது, அவன் முழங்காலில் தட்டினேன். எக்காளம் வந்தபோது தூக்கு என்று காட்டினேன், எல்லோரும் நின்றபோது முஷ்டியை மடக்கினேன். முழங்காலில் விழுந்த தட்டலுக்குக் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். பிறகு கண்ணைத் திறந்து, தன் குரல் தனக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பாஸ்காரன் இன்னா பண்றான் நைனா?" என்றான். பிளேயர் ஊசியைத் தூக்கித் தூக்கி ஆறு தடவை வைத்தேன். பிளேயர் பெட்டியில் கை வைத்தால் அதிர்கிறது, மற்ற சத்தத்துக்குக் கீழே எங்கேயோ ஓடுகிறான், அது தெரிகிறது. எங்கே ஏறுகிறான், எங்கே சும்மா இருக்கிறான், என்னால் பிடிக்க முடியவில்லை. முப்பது வருஷ வின்ச் என் காதையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் நல்லா வாசிக்கிறான் என்று கட்டைவிரலைக் காட்டினேன். பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கிதாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அதை வெளியே எடுக்கவில்லை.

அதே ரெக்கார்டை அங்கே இன்னொன்று வாங்கிக் கேள் அம்மா. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு போட்டு, பாஸ் எந்தக் கோட்டில் பேசுகிறது, எதில் பேசவில்லை என்று எழுது. நான் பார்த்து அவன் முதுகில் தட்டுகிறேன். இதனால் காது வரப்போவதில்லை, அந்த ஆசையெல்லாம் எனக்கு இல்லை. நான் சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு, டியூட்டி முடிந்து பனியில் தலையை மூடாமல் நடக்காதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். கடிதத்தை விமானத் தபாலில் போடு, யார் கையிலும் கப்பலில் கொடுத்தனுப்பாதே. அது வரும்வரை தினமும் வேலை விட்டு வந்து ரெக்கார்டைப் போட்டுக் கேட்கிறேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான், அவன் தூக்கம் கெடும் என்று அடங்கின சத்தத்தில் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இப்படிக்கு
உன் நைனா
இக்னேஷியஸ்