அவசரமாய் வந்த அத்தியாயம்

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் ஜூஸ் கடைக்காரர் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை பட்டதுமே செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே போய் நின்றுவிட்டேன். ரயிலும் போய்விட்டது. பாழாய்ப்போன வாசனை.

நாம் ஒரே ஆபீசில் குப்பை கொட்டியவர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு சிறுவர் மாத இதழுக்குத் தொடர்கதை எழுத ஆரம்பித்தேன். அதை முதலில் படித்துக் கிழிப்பது உன் வேலை. கதை நடப்பதே உன் ஊர் சதுரங்கப்பட்டினத்துப் பழைய டச்சுக் கோட்டையில்தான். அங்கே கல்லறைகளில் செதுக்கிய பெயர்கள் ஒவ்வொன்றாய் அழிகின்றன. பெயர் அழிந்தவர்களின் நிழல்கள் ஊருக்குள் வந்து அலைகின்றன. அழிப்பது யாரென்று மீனா என்ற சிறுமி தேடுகிறாள். மத்தியானம் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே படிப்பாய்.

"இன்னாடி இது, வாசப்படியில சிந்துன உப்பப் பாத்தவொடனே மீனா ஆளப் புட்சிட்டா? பசங்களும் கூட வரணும்ல? கொஞ்சம் பயந்துகினு, கொஞ்சம் யோசிச்சுகினு வரட்டும்."

முறைப்பேன். ஆனால் வீட்டுக்குப் போய், அந்த உப்பு யார் சிந்தியதென்று சொல்லாமல் இன்னும் இரண்டு மாதம் வாசற்படியிலேயே கிடக்கவிடுவேன்.

பிறகு உனக்கு வயிற்றுவலி வந்தது. உன்னிடம் அல்சர் என்றார்கள். இனி பிழைக்கமாட்டாய் என்ற உண்மையை டாக்டர் உன் அண்ணனை வெளியே அழைத்துச் சொன்னார். "அவளாண்ட மூச்சு வுடாதம்மா, ஒடஞ்சிடுவா" என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் வீடுகளில் இப்படித்தானே? நோயாளியைத் தவிர எல்லோருக்கும் நோய் தெரியும். நானும் சத்தியம் செய்தேன்.

ஆனால் முடிவு தெரியாமல் நீ போய்விடக் கூடாதே என்று எனக்குள் ஒரு வெறி. இதழுக்குப் பல மாதக் கதை பாக்கியிருக்க, உனக்காக மட்டும் நாளுக்கொரு அத்தியாயமாய் எழுதித் தள்ளினேன். மீனா சுரங்கத்தில் இறங்கினாள், சாவி கிடைத்தது, நிழல்கள் தாமாகவே வாய் திறந்தன. சாத்துக்குடிச் சுளையை உரித்து உன் வாயில் வைத்துக்கொண்டே படித்துக் காட்டினேன். நீ கையைத் தூக்கி நிறுத்தினாய்.

"கெணத்துல கழுத்தளவு தண்ணி கீதுன்னு போன மாசம் எழுதுன. அது வழியா எப்டிடி சுரங்கத்துக்குப் போனா?"

"அதை அப்புறம் சேர்த்துக்கலாம்."

"நீ இப்டி ஓட்றவ இல்லியே." என்னையே பார்த்தாய். "டாக்டரு எனக்கு எவ்ளோ நாளுன்னாரு?"

நான் தலை குனிந்தேன். அது உனக்குப் போதுமானதாயிருந்தது. அழுதது நான்தான். நீ கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாய்.

"அந்தத் தண்ணிய எறைச்சிட்டு வா. மெதுவா. எனக்காவ பசங்களுக்குக் கதையக் கெடுக்காத" என்றாய் பிறகு.

பெயர்களை அழிப்பது யாரென்று மட்டுமாவது சொல்லட்டுமா என்று கெஞ்சினேன். வேண்டாமென்று தலையசைத்தாய். கிணறு இறைக்கும் அத்தியாயத்தை நீ சொன்னபடி மெதுவாக எழுதிக் கொண்டுவந்தேன். "இப்ப சரி" என்றாய். அடுத்ததை எழுதி முடிப்பதற்குள் நீ இல்லை.

கதை புத்தகமாகிவிட்டது. பள்ளிகளில் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். நீ கேட்ட இடம் வரைக்கும்தான் என்னால் படிக்க முடிகிறது. மீதியைப் பிள்ளைகள் தாங்களே படித்து, அழித்தது யாரென்று கண்டுபிடித்துக் கத்துகிறார்கள். எனக்குச் சந்தோஷம் வருவதில்லையடி. உனக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் இருக்கிறது.