இடப்பக்கம் பார்க்கும் கிளி

ஆரணி,
3.2.2025

அடியே கற்பகம்,

நாலு நாளாகப் போன் போடுகிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் வாயில் வந்ததைப் பேசிவிடுவேன். அதனால்தான் கடிதம். 'அன்புள்ள' என்று ஆரம்பித்து அடித்திருக்கிறேன், மேலே பார்த்துக்கொள்.

ஓவியர் லோகுவின் வீட்டை மியூசியமாக்கிவிட்டார்கள் என்று உனக்கு முதலில் சொன்னது யார்? நான். "பொங்கல் புடவை ஆர்டர் முடியட்டும்டி, ரெண்டு பேரும் சேந்து போலாம்" என்றது யார்? அதுவும் நான்தான். ஒன்பதாம் வகுப்பில் வாரப் பத்திரிகையிலிருந்து அவர் படங்களை வெட்டி, சோற்றுப் பருக்கையால் நோட்டில் ஒட்டியது யார்? சரி, அது இரண்டு பேரும்தான். ஆனால் கத்தரிக்கோல் என்னுடையது.

நீ என்னவென்றால் பெரம்பூரிலிருந்து பஸ் ஏறிப் போய், அவர் நாற்காலி பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறாய். அதுவும் உன் மகள் லாவண்யா கல்யாணத்துக்கு நான் கொடுத்த கிளி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு! எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர், "இன்னாத்துக்கு நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற? நீயும் பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வாயேன்" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? இனி நான் போனால் உனக்கு அப்புறம் பார்த்தவள்தானே.

ஒன்று மட்டும் சொல். உள்ளே படங்கள் மட்டும்தானா? ரசிகர்கள் எழுதின கடிதம், அவர் போட்ட பதில், அதெல்லாம் கூட வைத்திருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

கோபத்துடன்,
பரிமளா


பெரம்பூர்,
10.2.2025

அன்புள்ள பரிமளா,

நான் அடிக்கவில்லை பார்.

மகளுக்கு அன்று திடீரென்று லீவு கிடைத்தது, "வாம்மா" என்று இழுத்துக்கொண்டு போனாள். உன்னை விட்டுவிட்டுப் போனது தப்புதான். கன்னத்தில் போட்டுக்கொண்டேன், போதுமா?

நம் நோட்டில் முதல் பக்கத்தில் ஒட்டினோமே, ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிற பெண், அவள் அங்கே இருக்கிறாள். பத்திரிகையில் உள்ளங்கை அளவு இருந்தவள் நேரில் முழங்கை நீளம். கிட்டே போய்ப் பார்த்தேன். மூக்கின் மேல் வெள்ளைச் சாயம் பூசிப் பூசி மூன்று தடவை திருத்தியிருக்கிறார். அவருக்கே மூக்கு சுலபத்தில் வரவில்லையடி! மூக்கு வரவில்லை என்று நீ எத்தனை நாள் அழுதிருப்பாய். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நீ சும்மா கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். வைத்திருக்கிறார்கள். பின்னறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ரசிகர்களுக்கு வரைந்து அனுப்புவதற்கு முன்னால் அவர் போட்டுப் பார்த்த பென்சில் படங்கள். நான் கடந்து போகும்போது, அங்கே வேலை செய்கிற இளமதி என்ற பெண், "மேடம், ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்க புடவையில இருக்கிறது இந்தக் கிளிதானே?" என்றாள்.

அதே கழுத்து வளைவு. வாலில் அதே மூன்று இறகு. மூக்கில் அதே கொய்யா இலை. அவர் கிளி வலப்பக்கம் பார்க்கிறது, என் புடவைக் கிளி இடப்பக்கம் பார்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கீழே அவர் கையெழுத்தில் "ஆரணி கற்பகத்துக்கு. அனுப்பியது 14.8.91" என்று இருந்தது.

அது நீ சொந்தமாகப் போட்ட டிசைன் என்றாய். ஆரணியில் அதற்குப் பரிமளா கிளி என்றே பெயர், கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்றாய். நானும் பெருமையாகக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் நானும் அவருக்கு ஒரு கடிதம் போட்டேனே, என் வீட்டுக்குப் பதில் வந்தால் அப்பா கிழித்துப் போடுவார் என்று உன் வீட்டு விலாசத்தைத்தானே எழுதினேன். ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் "வந்துச்சாடி?" என்று கேட்டேன். "வரலடி" என்றாய்.

வந்ததா, பரிமளா?

கற்பகம்


ஆரணி,
24.2.2025

அன்புள்ள கற்பகம்,

வந்தது.

நான் அவருக்கு நாலு கடிதம் எழுதினேன். நாலிலும் படம் வரைந்து அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நீ எழுதினது ஒன்றே ஒன்று. யானைக்கும் எருமைக்கும் வித்தியாசம் தெரியாமல் வரைகிறவள் நீ. உனக்கு ஒரு அட்டையில் கலர் கிளி, "ஆரணி கற்பகத்துக்கு அன்புடன்" என்று எழுதி. வேறு ஒரு வரியும் இல்லை. உறையைப் பிரித்தது என் தப்பு. பிரித்துப் பார்த்த பிறகு கொடுக்க மனசு வரவில்லை. நாளைக்குக் கொடுக்கலாம் என்று இருந்தேன். நாளை நாளை என்று உனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

பத்து வருஷம் முன்னால் ஒரு கடைக்காரர் புடவை உடம்பில் போட புது புட்டா கேட்டு அவசரப்படுத்தினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அட்டையை எடுத்து வைத்து அப்படியே கிராஃப் தாளில் கட்டம் போட்டேன். அந்தக் கட்டத்தைப் பார்த்துத் தறி அட்டையில் துளை குத்தின இராஜமாணிக்கம் இடம் வலம் மாற்றிக் குத்திவிட்டார். கிளி திரும்பிக்கொண்டது. "பேஜாராப் பூட்ச்சிம்மா, வேற குத்திக் குடுக்கிறேன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். வலப்பக்கம் பார்த்தால் அது லோகுவின் கிளி, இடப்பக்கம் பார்த்தால் என் கிளி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

உன் மகள் கல்யாணத்துக்கு அந்தப் புடவையைக் கொடுத்தது கூட, கொடுத்த மாதிரி ஆகட்டும் என்றுதான்.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். ஓரம் மஞ்சளாகிவிட்டது, கிளி அப்படியே இருக்கிறது. இப்போதும், உறையில் போடும்போது, இவளுக்குப் போகிறதே என்று ஒரு எரிச்சல் வந்தது. பொய் சொல்ல இஷ்டமில்லை.

நீ திட்டு. பதில் போடாமல் மட்டும் இருக்காதே.

பரிமளா


பெரம்பூர்,
9.3.2025

பரிமளா,

அட்டை வந்தது. பத்து நாள் பதில் போடவில்லை. பதில் வராவிட்டால் எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும் என்று இருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

போன கடிதத்தில் நான் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நீ முதலில் வாயைத் திற என்று காத்திருந்தேன். அந்தப் பென்சில் கிளிக்குப் பக்கத்தில் என் கடிதத்தையும் வைத்திருக்கிறார்கள். என்ன எழுதினேன் என்று எனக்கே மறந்து போயிருந்தது. லாவண்யா சத்தமாகப் படித்தாள், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்படியே எழுதுகிறேன்:

"ஐயா, என் சிநேகிதி பரிமளா நன்றாகப் படம் போடுகிறாள். வகுப்பில் எல்லோரும் அவளையே புகழ்கிறார்கள். அவளுக்குத் தலைக்கனம் அதிகமாகிவிட்டது. தாங்கள் ஒரு கிளி வரைந்து எனக்கு அனுப்பினால் அவளிடம் கொடுப்பேன். பார்த்து அடங்கட்டும்."

எனக்கும் அப்போது வயிறு எரிந்ததடி. ஆனால் கொடுத்திருப்பேன். உனக்கென்று கேட்டு வாங்கின படத்தை நீயே திருடி, முப்பத்து மூன்று வருஷம் ஒளித்து வைத்திருக்கிறாய், பைத்தியக்காரி.

நாம் எழுதினால் யார் பதில் போடப் போகிறார்கள் என்று அதற்குப் பிறகு, உனக்கு இந்தக் கடிதங்கள் எழுதும் வரை, நான் யாருக்கும் ஒரு வரி எழுதினதில்லை. அப்படிப் போன வருஷங்களை உன்னால் உறையில் போட்டு அனுப்ப முடியாது. மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை.

அட்டை கிடைத்ததை இளமதியிடம் சொல்லியிருந்தேன், போன் செய்தாள். கலர் அட்டையைக் கொடுத்தால் பென்சில் படத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்களாம். யாருக்காக வரைந்தது என்று கீழே பெயர் எழுத வேண்டுமாம். என்னைக் கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடுவேன். எனக்குப் பொறாமை இன்னும் போகவில்லை. நீயே வந்து சொல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திறப்பார்கள். அட்டையோடு வாசலில் நிற்பேன். முதலில் நீ உள்ளே போ.

கற்பகம்