காலிக் குழாயில் மூன்று கோடுகள்

மார்ச் 4, செவ்வாய்
நாத்தனாரின் கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் வாயு மேகத்தில் இதுவரை யாரும் காணாத ஒரு மூலக்கூறு! தொலைநோக்கியில் பிடித்தவள் அவள். கைரேகை மாதிரி ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனிக் கோடுகள் உண்டு; எந்தெந்த அதிர்வெண்ணில் இது கோடு காட்டும் என்று ஆய்வகத்தில் அளந்து பட்டியல் கொடுத்தவள் நான். பதினொரு கோடும் அப்படியே பொருந்தின. அடுத்த வியாழன் பத்திரிகையாளர் கூட்டம். "உங்க பட்டியல் இல்லேன்னா இருட்டுல துழாவிட்டு இருந்திருப்பேன் அண்ணி" என்றாள் போனில். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. மகளும் மருமகளும் ஒரே கட்டுரையில்.

மார்ச் 6, வியாழன்
அடுத்த வேலைக்காக, வாயுவை அடைத்து அளக்கும் கண்ணாடிக் குழாயைக் காலி செய்து, இயந்திரத்தை வெறுமனே ஓட்டிப் பார்த்தேன். திரையில் ஒன்றுமே வரக்கூடாது. மூன்று கோடுகள் வந்தன. பட்டியலில் உள்ள அதே மூன்று. உள்ளேதான் எதுவும் இல்லையே?
பதறிப்போய் இயந்திரத்தை அணைத்தேன். அணைத்தால் போய்விடுமா?

மார்ச் 7
போகவில்லை.

மார்ச் 8, சனி
குழாயின் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம்தான் காரணமோ? போன வருடம் அளந்த வேறொரு சேர்மம் அதில் ஊறிக் கிடந்து கசிகிறது போல. புது வளையம் மாட்டி, குழாயை ஒரு நாள் சூடேற்றி, நம் மூலக்கூறை மறுபடி உருவாக்க வேண்டும். கோடுகள் வந்தால் பிழைத்தேன்.

மார்ச் 10, திங்கள்
வரவில்லை. பதினொன்றில் ஒன்றுகூட.
அத்தனையும் பழைய சேர்மத்தின் கோடுகள். அதன் கோடுகளிலேயே இதுவரை யாரும் பட்டியலிடாதவை, அதனால் ஏமாந்தேன். அந்தச் சேர்மத்தை அதன் வேறு கோடுகளை வைத்து விண்வெளியில் கண்டுபிடித்து எத்தனையோ வருடமாகிறது.
கணவரிடம் சொன்னேன். "நீயே அவகிட்ட சொல்லு. நான் சொன்னா பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்குறேன்னு நினைப்பா."
"நான் சொன்னா?"
"நாத்தனாரைக் கவுக்குறேன்னு நினைப்பா."
சிரிக்கப் பார்த்தோம். இருவராலும் முடியவில்லை.

மார்ச் 11
மூன்று முறை போனை எடுத்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? — எனக்குத் தெரியுமே. சே, என்ன பொழப்பு இது.

மார்ச் 12, புதன்
காலையில் அவள் அலுவலகத்துக்கே போனேன். நாளைக்கான உரையைப் படித்துக்கொண்டிருந்தாள். காலிக் குழாயில் எடுத்தது, புது வளையம் மாட்டி எடுத்தது என இரண்டு வரைபடங்களையும் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.
"எப்போ தெரியும்?"
"சந்தேகம் வியாழக்கிழமை. உறுதியா திங்கள்."
"இன்னிக்குப் புதன், அண்ணி."
உரைத் தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.
"தப்பு பண்ணினதுகூடப் பரவால்ல. ஆறு நாள் என்னை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிய விட்டீங்களே!"
கதவைத் திறந்து பிடித்தாள். வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 13
கூட்டத்தை அவள் ரத்து செய்யவில்லை. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, நாங்கள் கண்டது புதிய மூலக்கூறு அல்ல, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்றாளாம். யாருடைய தவறு என்று ஒரு நிருபர் கேட்டாராம். "எங்க ரெண்டு பேரோடதும்." கணவர் வந்து சொன்னார். நான் அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு
மாமியார் வீட்டில் சாப்பாடு. எதிரெதிரே உட்கார்ந்தோம். உப்பு கேட்டாள். கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்
அவளிடமிருந்து மின்னஞ்சல். அதே மேகத்தில் எடுத்த புதிய பதிவுகள், நாற்பது பக்கம். மேலே ஒரு குறிப்பு: "இன்னும் யாருக்கும் அனுப்பல அண்ணி. முதல்ல நீங்க தப்பு தேடுங்க."
இரண்டாம் பக்கத்திலேயே ஒன்று கிடைத்தது. உடனே கூப்பிட்டேன்.