நீ தலையாட்டிய அந்தப் பதில்

அந்துருண்டை நாற்றத்தோடு உன் கறுப்புக் கோட்டு பெட்டியிலிருந்து வெளியே வந்தது. பெரியவன் அதை உதறிவிட்டு, "நைனா கோட்டும்மா. இன்னா பண்றது, யாருக்காவது குடுத்துடலாமா?" என்றான். குடுத்துடு என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வெள்ளைக்காரர் யாராவது செஞ்சிக்கோட்டையைப் பார்க்க வந்தால் மட்டும் நீ மாட்டிக்கொள்ளும் கோட்டு அது. சித்திரை வெயிலிலும் கழற்றமாட்டாய்.

கவனித்தாயா, 'நீ' என்று எழுதுகிறேன். ஆயுசு முழுக்க 'நீங்க, நீங்க' என்று சொன்னது போதும். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். உனக்கு அப்படி எழுத ஊரில் ஆள் இருக்கிறது. நான் உட்கார்ந்திருப்பது என் வயிற்றெரிச்சலை எழுத.

அறுபதுகளின் நடுவில், பாண்டிச்சேரியிலிருந்து செஞ்சிக்கோட்டை பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்களுக்காக, ஆங்கிலத்தில் இருந்த ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகத்தைப் பிரெஞ்சில் கொண்டுவர அங்கே ஒரு பிரெஞ்சு அம்மா ஏற்பாடு செய்தார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த நீ, காலேஜ் வாசலை மிதித்தவன் என்ற மிதப்பில், நானே செய்து தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டு வந்தாய். உனக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் அகராதிக்குள் இருந்தது. நான் பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரீகளிடம் பிரெஞ்சிலேயே படித்து, கூடவே ஆங்கிலமும் கற்று வளர்ந்தவள். என்னிடம் கேட்கத்தான் உனக்கு மனசு வரவில்லை.

ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், அவுட், இன் என்று ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு அர்த்தத்தையே மாற்றிவிடும். நீ இரண்டையும் தனித்தனியாக அகராதியில் பார்த்துப் பசை போட்டு ஒட்டினாய். முற்றுகையில் தானியம் தீர்ந்துபோனது, 'ரன் அவுட்', என்பது உன் பிரெஞ்சில் தானியம் வெளியே ஓடியது என்று ஆயிற்று. கோட்டையைக் கைவிட்டார்கள் என்ற இடத்தில் கோட்டையை மேலே தூக்கிக் கொடுத்தார்கள். நீ அதை உரக்கப் படித்தபோது, சோறு போட்டுக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

"இன்னா இளிப்பு? பாண்டிச்சேரின்னா பெரிய தொரசானியா நீ?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். மறுநாள் காலையில் அந்தக் காகிதமெல்லாம் அம்மிக்குப் பக்கத்தில் கிடந்தது. "சும்மா பாத்து வையி, நேரம் கெடச்சா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாய்.

எனக்கு ஒரு வழி இருந்தது. ஆங்கிலத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். நாமும் தீர்ந்துபோச்சு, விட்டுக்கொடுத்தான், ஓடிவந்துட்டான் என்று ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துத்தானே பேசுகிறோம். அது வாயில் சரியாக வந்ததும், இதற்குப் பள்ளிக்கூடத்து மதர் என்ன சொல்லியிருப்பார் என்று காதைத் தீட்டிக்கொள்வேன். பசியோடு கோட்டைக்குள் தாக்குப்பிடித்த வீரர்களுக்கு மட்டும் சொல் கிடைக்காமல் குழம்பு அடிப்பிடித்தது. தாக்குப்பிடிப்பதற்கு 'தெனீர் போன்' என்ற பிரெஞ்சுச் சொல் ஒருநாள் அகப்பட்டபோது அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்கே எனக்கென்று கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் நீ உன் கையெழுத்தில் திருப்பி எழுதினாய். "எம்பேரயும் ஒரு ஓரமா போடுங்களேன்" என்று கேட்டேன். "பொம்பள பேர போட்டா கடத்தெருவுல சிரிப்பானுங்க. வேலயப் பாரு" என்றாய். புத்தகம் வந்தது. அட்டையில் உன் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. துணி எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினாய். கூடவே இன்னொரு பெருமையும் பேசுவாய்: "எம் பொண்டாட்டி என் பேர வாயால சொன்னதில்ல." உண்மைதான். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் எனக்காகச் சொல்லுவாள்.

அப்புறம் என் நாள் வந்தது. புத்தகத்துக்கு ஏற்பாடு செய்த வயசான பிரெஞ்சு அம்மா, கூட்டத்தோடு கோட்டைக்கு வந்தார். உனக்குப் பிரெஞ்சு பேசவும் வராது, பேசினால் புரியவும் புரியாது, அதனால் என்னையும் அழைத்துப் போனாய். "பின்னால நில்லு. கேட்டா மட்டும் சொல்லு."

கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் நிழலில் அந்த மதாம் புத்தகத்தைப் பிரித்து என்னைப் பார்த்தார். "முற்றுகைப் பகுதியைப் படித்தபோது எனக்கே பசித்தது. இதை எழுதியது யார்?" என்று பிரெஞ்சில் கேட்டார். நீ உன் கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னப் பத்திதானே கேக்குறாங்க? சொல்லு, சொல்லு" என்று முணுமுணுத்தாய்.

பிரெஞ்சிலேயே சொன்னேன். "எங்கள் ஊரில் மனைவி கணவன் பெயரைச் சொல்லக்கூடாது, மதாம். நல்லவேளை, இதை எழுதியவர் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு தடையும் இல்லை." என் பெயரைச் சொன்னேன். அட்டையில் இருப்பது துணி விற்பவருடைய பெயர் என்றும் சொன்னேன். மதாம் உன் பக்கம் திரும்பி, "அப்படியா, முசியே?" என்றார். நீ பல்லெல்லாம் தெரிய, "உய், உய்", ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாய்.

அவர் பேனாவை எடுத்து உன் பெயரை அடித்தார், மேலே என் பெயரை எழுதினார். உன் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. அடுத்த அச்சில் என் பெயர்தான் வந்தது. வந்த புத்தகக் கட்டை நீ கடைப் பரணில், பழைய சாக்குக்கு அடியில் போட்டாய். போட்டால் என்ன, பாண்டிச்சேரி முழுக்கப் படித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஆரம்பித்தாய். "அந்தம்மாகிட்ட இன்னா சொன்ன?" கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்றேன். பிறகு எத்தனையோ வருஷம் கேட்டாய். கோபமாகக் கேட்டாய், மல்லிகைப்பூ வாங்கிவந்து கேட்டாய். "எதுக்குத்தான் நான் தலையாட்டனேன்? அத மட்டும் சொல்லிடு." ஒரு புத்தகத்தையே மொழிபெயர்த்தவள் அந்த நாலு வரியை உனக்கு மொழிபெயர்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் என் கையைப் பிடித்து, "அன்னிக்கி இன்னா..." என்று தொடங்கினாய். நீ தண்ணீர் கேட்கிறாய் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். நானும் தண்ணீரைத்தான் கொடுத்தேன்.

உனக்காக அழுதேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னோடு இன்றைக்கும் இருப்பது அந்த அழுகை இல்லை, உன்னுடைய அந்த 'உய், உய்'தான். நினைத்தால் இப்போதும் மனசெல்லாம் குளிர்கிறது. நீ ஆயுசெல்லாம் கேட்டதை, ஒன்றையும் மறைக்காமல், மேலே தமிழில் எழுதிவிட்டேன். நீ படிக்கமாட்டாய் என்று நிச்சயமான பிறகுதான் எழுதினேன்.