சாட்சிக்கு சின்ன வயசு வேணும்

மேடம்,

இன்னிக்கு காலைலேர்ந்து கடை பூரா மாம்பழ வாசனை. புத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல என் வீடியோ கடை எவ்ளோ சின்னதுன்னு உங்களுக்கு தெரியும், ஒரு பெட்டி பழம் வச்சா ஆளு நிக்க எடம் இல்ல. பங்காருபாளையத்து ஃபேக்டரி வீட்டு பெரிய புள்ள தானே தூக்கியாந்து வச்சிட்டு போனாரு, டிரைவர் கூட இல்லாம. நைனா பாத்துட்டு, "யாரு வீட்டுல கல்யாணம்? ஒண்ணு துன்னட்டுமா?"ன்னாரு. வேணாம் நைனான்னு சொன்னேன். என் குரல் எப்படி இருந்துச்சோ, எடுத்த பழத்த அப்படியே திரும்ப வச்சிட்டாரு.

அந்த வாசனைல உக்காந்துக்கினு தான் இத எழுதறேன். உங்க நம்பருக்கு அனுப்பினா ஒத்த டிக்கோட நின்னுடுது. அதனால இந்த நோட்டுல.

உங்கள மொதல்ல பாத்தது போன்ல தான். வியாபாரிங்க கூட்டத்துல நீங்க பேசினத யாரோ வெட்டி போட்டிருந்தாங்க. "சொத்து இருக்கறவாளுக்கு ரெண்டு பயம். ஒண்ணு இன்கம் டாக்ஸ், இன்னொண்ணு சொந்தப் புள்ளைங்க. மொத பயத்துக்கு என்கிட்ட சட்டம் இருக்கு." ரெண்டாவதுக்கு என்னன்னு சொல்லவே இல்ல, தண்ணி எடுத்து குடிச்சீங்க. அந்த தண்ணி குடிக்கற எடத்த எத்தன தடவ பாத்தேன்னு கணக்கே கிடையாது. எங்க வீட்டுல பாகம் பிரிக்க ஒரு ஸ்கூட்டி கூட இல்ல, ஆனா டிரஸ்டு, தான பத்திரம், கூட்டுக்குடும்பத்துக்கு தனி வரி எல்லாம் உங்கள பாத்து பாத்தே எனக்கு மனப்பாடம். நீங்க கோர்ட்டு படி எறங்கி வர்றத ஸ்லோமோஷன்ல வச்சு, நாதஸ்வரம் போட்டு விட்டேன். அது ஓடி ஓடி உங்ககிட்டயே வந்துடுச்சு.

"ஏண்டிம்மா, நான் முட்டி வலியில மெதுவா எறங்கறேன், அதுக்கு நாதஸ்வரமா?" இது உங்க மொத மெசேஜ். அடுத்தது, "வெட்டாம ஒட்டாம எடுக்கத் தெரியுமா?"

அப்புறம் தான் தெரிஞ்சுது உங்க வேலைக்கு எதுக்கு கேமரான்னு. பெரிய வீட்டு ஆளுங்க உயில்ல கையெழுத்து போடறத ஒரே ஷாட்டா எடுக்கணும். புள்ளைங்க ரூம்ல இருக்கக் கூடாது. நீங்க உயில பத்தி மொதல்ல பேசவே மாட்டீங்க. காலைல என்ன டிபன், யாரு பண்ணாங்க, சட்னில உப்பு இருந்துச்சா, இதான் கேப்பீங்க. "புத்தி சரியா இருக்குன்னு டாக்டர் எழுதலாம். சட்னிய திட்டினா தான் நான் நம்புவேன்." அப்படி வாய் விட்டு திட்டின அப்புறம் தான் பேப்பர் பையிலேர்ந்து வெளிய வரும். வழில நாம பரோட்டா துன்னும்போது அவங்கள மாதிரி பேசிக் காட்டுவீங்க. எனக்கு பொறை ஏறிடும்.

பங்காருபாளையம் போன அன்னிக்கு மட்டும் கார்ல நீங்க வாயே தொறக்கல.

மாம்பழக் கூழ் ஃபேக்டரி, அதுக்கு பின்னாடி வீடு. மொதலாளி பெரியவருக்கு பெங்களூர்ல ரெண்டு பசங்க, கூடவே இருக்கற பொண்ணு வசந்தக்கா. ஃபேக்டரிய நடத்தறது அவங்க தான். பசங்களுக்கு கட்டடம், தோப்பு எல்லாம் குடுத்துட்டு, ஃபேக்டரிய பொண்ணு பேருக்கு எழுதணும்னு பெரியவரு முடிவு பண்ணியிருந்தாரு. நல்ல சீசன். ஆனா நாம உள்ள போகும்போது ஒரு மிஷின் கூட ஓடல. ஆளுங்க எல்லாம் செவுத்தோரமா நின்னுக்கினு நம்ம கார பாத்துக்கினு இருந்தாங்க. வாசல்ல பெரிய புள்ள கை கூப்பி, "ரண்டி மேடம், ரண்டி"ன்னு உள்ள வரச் சொன்னாரு. சிரிச்ச மொகம். நாம திரும்பற வரைக்கும் அந்த சிரிப்பு அப்படியே இருந்துச்சு.

சாட்சிக்கு வரேன்னு சொன்ன பேங்க் மேனேஜர் வரல, போனும் எடுக்கல. குடும்ப டாக்டர் மட்டும் ஃபேனுக்கு கீழயே வேர்த்துக்கினு உக்காந்திருந்தாரு. உயிலுக்கு ரெண்டு சாட்சி வேணும். நீங்க என் பக்கம் திரும்புனீங்க.

"உனக்கு என்ன வயசு?"

"இருவத்திமூணு மேடம்."

"சாட்சிக்கு சின்ன வயசு வேணும்டி. எழுதினவர் போனப்புறமும் இருக்கணும், எழுதிக் குடுத்தவ போனப்புறமும் இருக்கணும். கோர்ட்டுல வந்து நிக்கணும். பயமா இருந்தா இப்பவே சொல்லிடு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

பயமாவது. எனக்கு உள்ள விசில் அடிச்சுது, நீங்க என்னய கையெழுத்து போட கூப்புடறீங்கன்னு. எழுதிக் குடுத்தவன்னு சொன்னது உங்களத்தான்னு அப்ப எனக்கு ஒறைக்கவே இல்ல.

கேமராவ ஸ்டாண்டுல மாட்டினேன். பெரியவரு இட்லி கல்லு மாதிரி இருந்துச்சுன்னு சமையல்காரன ஒரு புடி புடிச்சாரு. ஃபேக்டரி ஏன் பொண்ணுக்குன்னு கேட்டீங்க. "நடிப்பிந்தி அம்மாயே கதா"ன்னாரு. நடத்தினது பொண்ணு தான, இதுல கேக்க என்ன இருக்குன்ற மாதிரி. பேனாவ எடுத்தாரு. நான் பழக்கத்துல ஸ்கிரீனயே பாத்துக்கினு இருந்தேன். நீங்க மெதுவா, "அத பாக்காத. அவர் கைய பாரு"ன்னீங்க.

கை நடுங்கல. பேரு எழுதி முடிச்சு கீழ ஒரு கோடு இழுத்தாரு. போதாதுன்னு அது மேலயே இன்னொரு தடவ அழுத்தி இழுத்தாரு. அப்போ தான் ஜன்னல் திரைக்கு அந்தாண்ட நின்னுக்கினு இருந்த நெழல் நகந்து போச்சு. அதுவரைக்கும் அங்க நெழல் இருந்ததே எனக்கு தெரியாது.

வெளிய வந்தா கேட்டு பூட்டியிருக்குது. "சாவி பெங்களூர் பெரியய்யாகிட்ட"ன்னு வாட்ச்மேன் தலைய குனிஞ்சுக்கினான். வெயில்ல கார்லயே உக்காந்திருந்தோம். பெரிய புள்ள அவசரமே இல்லாம நடந்து வந்து, பூட்ட தொறந்து, உங்க ஜன்னல்ல குனிஞ்சு, "ஆரோக்யம் ஜாக்ரத்த மேடம்"ன்னாரு. அப்புறம் என்ன பாத்து, "நீ எந்த ஊரும்மா?" புது கஸ்டமர்னு நெனச்சு விசிட்டிங் கார்டே நீட்டிட்டேன். சித்தூர் வர்ற வரைக்கும் நீங்க கண்ணாடில பின்னாடி ரோட்டயே பாத்துக்கினு வந்தீங்க.

உங்களுக்கு கேன்சர்னு நீங்க போனப்புறம் தான் உங்க ஜூனியருக்கே தெரிஞ்சுது. ஒடம்ப பாத்துக்கோங்கன்னு கேட்டுகிட்ட குனிஞ்சு சொன்னவருக்கு முன்னாடியே எப்படி தெரியும்?

நீங்க போனீங்க. அப்புறம் பெரியவரும் போயிட்டாரு. உயிலே பொய்னு பசங்க சித்தூர் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்காங்க. என் வீடியோ கம்ப்யூட்டர் பண்ணதாம், ஏஐல யார வேணா பேச வைக்கலாமாம். டாக்டருக்கு எதுவும் ஞாபகம் இல்லையாம், எழுதியே குடுத்துட்டாரு. இப்போ வசந்தக்கா ஃபேக்டரி நிக்கறது என் ஒரு வாய் மேல தான். செவ்வாக்கிழமை நான் கூண்டு ஏறணும்.

அதுக்கு தான் பழப்பெட்டி. "செவ்வாக்கிழமை பெங்களூர்ல எங்க வீட்டு ஃபங்ஷன், வீடியோ நீ தான் எடுக்கணும்மா. கோர்ட்டு எங்க ஓடிப் போவுது?" போகும்போது வாசல்ல நின்னு, "உங்க நைனா டிபன் கடைய மூடிட்டு ரயில்வே கேட்டு வழியா தனியாவா வராரு? அங்க லைட்டே இல்லையே"ன்னாரு. அதே சிரிப்பு.

மத்தியானம் நைனாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். தோச கரண்டிய தொடச்சுக்கினே கேட்டாரு.

"ஃபேக்டரிய ஓட்டினது அந்த பொண்ணு தான?"

"ஆமா நைனா."

"அவரு கையெழுத்து போட்டத நீ பாத்த தான?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன. நான் இனிமே மெயின் ரோட்டுல வரேன்."

சொல்லிட்டாரு. ஆனா கரண்டிய வைக்கும்போது அவரு கை நடுங்கினத நான் பாத்தேன் மேடம். ஸ்கிரீன பாக்காம கைய பாக்கற பழக்கம் உங்களால வந்தது, இப்போ வேணும்னாலும் விட முடியல.

கோர்ட்டுல தெலுங்குல கேப்பாங்க. கதவ சாத்திக்கினு சொல்லிப் பாக்கறேன். சந்தகம் பெடுத்துண்டகா சூசாரா? அவரு கையெழுத்து போடும்போது பாத்தீங்களா? மொத தடவ குரல் ஒடஞ்சுது. ரெண்டாவது தடவையும் சரியா வரல. வெளிய ஏதோ ஒரு காரு வந்து நின்னுது, கொஞ்ச நேரம் இஞ்சின் ஓடிக்கினே இருந்துச்சு, போயிடுச்சு. அது போற வரைக்கும் நிறுத்தல, சொல்லிக்கினே இருந்தேன்.

சூசானண்டி. நா கண்டித்தோ சூசானு. என் கண்ணால பாத்தேன்.