எதிர்க்காத ரத்தம்

ஜூன் 3, காலை 6.10. நிலா, தென்முனை ஆய்வகம்
எழுதுபவர்: ஜெபராணி, வைரஸ் ஆய்வாளர்.
காற்று சரி. தண்ணீர் சரி. எலிகள் இரை தின்றன. நானும் தின்றேன், ருசியில் பெரிய வித்தியாசமில்லை.
குப்பியிலிருந்து கசிந்த வைரஸ் பீர்முகம்மது அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. இங்கே இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். என் ரத்தத்தை மறுபடி சோதித்தேன். கிருமியோடு சண்டைபோட உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் துளியும் இல்லை. எதிர்ப்பொருள் இல்லையென்றால் வைரஸ் தொடவில்லை என்பது ஆய்வக விதி. பூமியில் உள்ள தரை நிலையத்துக்குச் சொன்னேன். என்னை அழைத்துப்போகக் கலம் கிளம்பிவிட்டது. ஓட்டி வருபவன் என் தம்பி தேவசகாயம். பேச ஆள் வருகிறது!

ஜூன் 5, மதியம் 1.30
கசிந்த அறையில் இருந்த எலி ஒன்றைத் தனியே அடைத்திருந்தோம். அது ஒண்டிக்கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதன் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இல்லை, விதிப்படி சுத்தம். காற்று வடிகட்டி வைத்து மூடிய கூண்டில் மற்ற எலிகளோடு விட்டேன். அதற்காவது துணை இருக்கட்டும்.

ஜூன் 8, காலை 7.00
கூண்டில் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. நான் விட்ட எலி மட்டும் தின்றுகொண்டிருக்கிறது.
இந்த முறை வைரஸையே தேடினேன். அந்த எலியின் ரத்தத்தில் மொய்க்கிறது. எதிர்ப்பொருளைத் தூண்டும் மரபணு அதற்கு மந்தமான வகை. அதன் உடம்பு சண்டையே போடவில்லை. சண்டை போட்ட உடம்புகளை அந்தச் சண்டையே கொன்றிருக்கிறது.
பிறகு என் ரத்தம். அதே மரபணு. அதே வைரஸ்.
அண்ணனுக்கு நான்தான் கொடுத்தேனோ? தெரியவில்லை. தெரியாமலே போகட்டும்.

ஜூன் 9, மாலை 4.20
"எக்கா, வந்துட்டேன். கதவத் தொற."
"வராத, தேவா. நேத்தே சொன்னேன்ல, எனக்குள்ள அது இருக்கு."
"இருந்தா இருக்கட்டும். ஒன்ன விட்டுட்டு அம்மா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? செத்தா ரெண்டுபேரும் சாவோம்."
"நான் சாவ மாட்டேன். நீ மட்டுந்தான் சாவே."
சின்ன வயதில் ஒரே தடுப்பூசிதான் இருவருக்கும். அவனுக்குத் தோள் வீங்கிக் காய்ச்சல் கொதிக்கும். எனக்கு எறும்பு கடித்த தடம்கூட இருக்காது. அவன் உடம்பு சண்டைக்காரன்.
வெளிக்கதவை வெளியிலிருந்தே திறக்கும் அவசர விசை அவனிடம் இருக்கிறது.

4.50
எலி அறைக்குள் என்னைப் பூட்டிக்கொண்டேன். என்ன பிரயோசனம், எல்லா அறைக்கும் காற்றுக்குழாய் ஒன்றுதான்.
இதை எடுப்பவருக்கு: எதிர்ப்பொருளை நம்பாதீர்கள். வைரஸைத் தேடுங்கள்.
வந்துவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றாதே என்று தொண்டை கிழியக் கத்தினேன்.
கழற்றிவிட்டான். சிரிக்கிறான்.
ஆண்டவரே, அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது