அம்மாவின் ஒன்பது நிமிடங்கள்

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கோவை ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. குடை பஸ்சோடு போயிற்று. வியாழன் அம்மாவுக்குத் தலைத்திவசம்.

வாங்க வேண்டியவை: எள், தர்ப்பை, வாழை இலை.

அத்தை: "ஒரு வருசமா இந்த வீட்டுல சொதி வைக்கல. திவசத்துக்கு மறுநா வச்சு துக்கத்தக் கழிச்சிருவோம்."

அப்பா நிமிராமலே, "உங்கம்ம பக்குவத்துல வைப்பியாட்டி?" என்றார். இந்த ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம்.

தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் அந்தக் குழம்பின் பக்குவம் போனில் குரல் பதிவாக இருக்கிறது. போன வருஷம் நான் கேட்டு அம்மா பேசி அனுப்பியது. ஒன்பது நிமிடம். அன்று இரட்டை வேகத்தில் ஒரு நிமிடம் கேட்டேன், பொறுமை இல்லை. முப்பது விநாடி வீடியோ ஒன்றைப் பார்த்து ஹாஸ்டல் ரூமில் தோழிகளோடு சொதி வைத்தேன். அம்மா இழுத்து இழுத்துப் பேசுவாள். எதையுமே இரட்டை வேகத்தில்தான் கேட்பேன்.

ஐப்பசி 4, செவ்வாய்

வெயில். பதிவைச் சாதாரண வேகத்தில் போட்டேன். யாரோ மாதிரி இருந்தது. என் காதில் நிற்பது அந்த அவசரக் குரல்தான். அழுதேன். அழுதுகொண்டே இருக்கும்போது, பதிவு முடியும் முன்பே, விரல் தானாக ரீல்ஸுக்குப் போய்விட்டது. யாரோ கம்பளம் கழுவுகிறான். முக்கால் மணி நேரம் பார்த்திருக்கிறேன்.

பெற்றவள் குரலுக்கு உட்காராத புத்தி. தூ.

ஐப்பசி 6, வியாழன்

குறுக்குத்துறைப் படித்துறை. ஆற்றில் கலங்கல் தண்ணீர். அப்பா பிண்டம் கரைத்தார். என் கை இடுப்பில் போனைத் தேடியது. அத்தை பார்த்தாள்.

ஐப்பசி 7, வெள்ளி

பதிவைப் போட்டுவிட்டுப் போனை எட்டாத அலமாரியில் வைத்தேன். கை முழுக்க தேங்காய்ப்பால். "எலுமிச்சம்பழத்த இறக்கின பெறவு பிழிட்டி. அடுப்புல இருக்கைல பிழிஞ்சா திரிஞ்சிரும்." அதோடு பக்குவம் முடிந்தது. இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"இன்னொண்ணு. ரெண்டு நாளா நெஞ்ச அமுக்குது. அப்பாட்ட சொல்லல, பயந்துருவாக. நீ சனிக்கிழம வாரியா? நாம ரெண்டு பேரும் பைய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்."

கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன். பதிவுக்குக் கீழே அன்று நான் போட்ட கட்டைவிரல் பொம்மை. சரி என்று.

அதற்கும் கீழே, சனி மதியம், அம்மா: "பஸ் ஏறிட்டியாட்டி?" என்ன உளறுகிறாள் என்று ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறேன். அந்தத் திங்கள் காலை அம்மா போய்விட்டாள்.

மதியம். அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"அவ கை அப்படியே இருக்குட்டி. அந்தப் பதிவ எனக்கும் போடு. ஒரு தடவ அவ குரலக் கேட்டுக்கிடுதேன்."

போனில் சார்ஜ் இல்லை என்றேன்.